யார் கணக்கில் எழுதுவது?

மே 1. ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் பந்தல் போட்டுக் கிராம சபை. வரவு செலவு வாசித்தாயிற்று. நூறு நாள் வேலைப் பட்டியல் வாசித்தாயிற்று. கிராம சுகாதார செவிலியர் எழுந்து, கையிலிருந்த தாளைப் பார்த்து இரண்டு நிமிடம் பேசினார். கர்ப்பிணிகள் இத்தனை பேர், தடுப்பூசி போட்ட குழந்தைகள் இத்தனை பேர், குடத்தை மூடி வையுங்கள், பழைய டயரில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார்.

"டாஸ்மாக் கடைய எப்ப எடுப்பீங்க? போன தையில எந்தம்பி மவன் மருந்தக் குடிச்சிட்டுப் போய்ட்டான். இன்னும் எத்தினி பேரு போவணும்?"

பந்தலில் சற்று நேரம் பேச்சில்லை. ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'பொது சுகாதாரம்' என்ற தலைப்பின் கீழே தண்ணீர்த் தொட்டி கழுவுவது இருந்தது. அந்த அம்மா சொன்னது 'இதர பொருள்' என்பதன் கீழே போயிருந்தது.

ஓர் ஊரின் உடல்நலத் தேவை எது, அதில் முதலில் கவனிக்க வேண்டியது எது என்பதை நாம் எப்படித் தீர்மானிக்கிறோம் என்று கேட்டால், அந்தப் புத்தகத்தின் இரண்டு தலைப்புகளே பாதி விடை சொல்லிவிடும். மீதிப் பாதிக்காக, தமிழ்நாட்டின் பொது சுகாதாரத் துறை கையாளும் மூன்று வழிகளை எடுத்து நிறுத்துப் பார்க்கலாம். பேறுகால மரணத் தணிக்கை ஒன்று. மாநில அளவிலான கணக்கெடுப்பும் அதன்மேல் எழுந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் இன்னொன்று. மக்களைக் கூட்டிக் கேட்கும் சபைகளும் பேரவைகளும் மூன்றாவது.

அளவுகோல்

நிறுப்பதற்கு முன் தராசைச் சரிபார்க்க வேண்டும். 'தேவை' என்ற சொல்லைப் பிரிட்டிஷ் சமூகக் கொள்கை அறிஞர் ஜொனாதன் பிராட்ஷா 1972இல் நான்காகப் பிரித்தார். வல்லுநர் சொல்லும் தேவை, மக்கள் மனதில் உணரும் தேவை, வாய்விட்டுக் கேட்கும் தேவை, பக்கத்து ஊரோடு ஒப்பிடும்போது தெரியவரும் தேவை. இந்த நான்கும் ஒன்றோடொன்று பொருந்துவது அபூர்வம்.

இரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் 2015-16இல் 55.0 சதவீதம், 2019-21இல் 53.4 சதவீதம். இரண்டில் ஒரு பெண்ணுக்கு இருக்கும் இந்தக் குறைக்காக எந்த ஊரிலும் யாரும் மனு கொடுப்பதில்லை. அசதியும் மூச்சிரைப்பும் பெண்ணாகப் பிறந்ததன் பாடு என்று ஏற்கப்பட்டுவிட்டன. இரும்புச்சத்து மாத்திரை வீடுவரை போகிறது. 'குமட்டுது, கறுப்பாப் போகுது' என்று அது பீரோ மேலேயே கிடக்கிறது. கொடுத்த மாத்திரைக்குப் பதிவேடு இருக்கிறது, விழுங்கிய மாத்திரைக்கு இல்லை. வல்லுநரின் தேவையும் மக்கள் உணரும் தேவையும் சந்திக்காதபோது நான்காண்டு உழைப்பு ஒன்றரைப் புள்ளியில் நின்றுவிடுகிறது.

தேவைகளைக் கண்டபின் வரிசைப்படுத்த வேண்டும். அமெரிக்கப் பொது சுகாதார நிர்வாகி ஜே.ஜே. ஹான்லன் வகுத்த முறை இன்றும் பல நாடுகளில் புழங்குகிறது. பாதிக்கப்பட்டவர் எத்தனை பேர், பாதிப்பு எவ்வளவு கொடியது, நம் கையிலுள்ள தீர்வு எவ்வளவு பலிக்கும் என்று மூன்றுக்கும் மதிப்பெண். கொடுமைக்கு இரட்டிப்பு எடை. முதல் இரண்டையும் கூட்டி, தீர்வின் பலனால் பெருக்க வேண்டும். அந்தப் பலனைக் கூட்டாமல் பெருக்கச் சொன்னதில்தான் சூட்சுமம். தீர்வே இல்லாத பெருநோய் பட்டியலில் கீழே இறங்கும், தீர்வு உள்ள சிறுநோய் மேலே ஏறும். இதற்கெல்லாம் பிறகு, அந்த வேலை நமக்குரியதுதானா, செலவுக்குத் தாங்குமா, மக்கள் ஏற்பார்களா, ஆளும் பணமும் உண்டா, சட்டம் இடம் கொடுக்குமா என்று ஐந்து கேள்விகள். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அது பட்டியலைவிட்டு வெளியே.

இவற்றோடு நான் மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்கிறேன். கேள்வி யாருடையது? எண்ணிய எண் எண்ணப்பட்ட ஊருக்குத் திரும்பி வருகிறதா? ஒன்றை முதன்மையாக்கியபோது எதைக் கீழே இறக்கினார்கள்? எதையும் இறக்காமல் எல்லாமே முதன்மை என்றால், அது செவிலியரின் தோளில் இன்னொரு பதிவேடு, அவ்வளவுதான்.

சாவு வீட்டில் கேட்ட கேள்வி

பேறுகால மரணத் தணிக்கை தமிழ்நாடு பெருமைப்படத் தக்க ஏற்பாடு. 1990களின் நடுப்பகுதியிலிருந்து, கர்ப்பத்திலோ பிரசவத்திலோ அதையொட்டிய நாட்களிலோ ஒரு பெண் இறந்தால் அது பதிவாக வேண்டும், ஏன் இறந்தாள் என்று விசாரிக்க வேண்டும் என்ற பழக்கம் இங்கே வேரூன்றியது. 2004க்குப் பிறகு அது மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் ஆய்வாயிற்று. இறந்தவரின் குடும்பத்தாரும் அந்தக் கூட்டத்துக்கு வந்து பேச வழி செய்யப்பட்டது.

செவிலியரும் மருத்துவரும் சாவு வீட்டுக்குப் போகிறார்கள். வலி எப்போது வந்தது? யார் முதலில் பார்த்தார்கள்? வண்டிக்கு எவ்வளவு நேரம் ஆனது? முதலில் போன ஆஸ்பத்திரியில் ஏன் திருப்பி அனுப்பினார்கள்? ரத்தம் இருந்ததா? கேள்விகள் எளியவை. ஆனால் விடைகளை அடுக்கினால் மூன்று தாமதங்கள் தெளிவாகத் தெரிந்தன. கிளம்பலாம் என்று முடிவெடுக்கும் தாமதம், வழியில் ஆகும் தாமதம், போய்ச் சேர்ந்தபின் சிகிச்சை தொடங்கும் தாமதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று செவிலியரை வைத்து இரவு பகலாகப் பிரசவம் பார்த்தது, எந்த நேரத்திலும் அறுவைசிகிச்சையும் ரத்தமும் கிடைக்கும் சீமாங் மையங்கள் வந்தது, 2008இல் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது எல்லாம் இந்தத் தாமதங்களுக்குத் தேடிய விடைகள்.

பலன் எண்ணில் தெரிந்தது. லட்சம் பிரசவத்துக்குத் தாய்மார் இறப்பு 2001-03இல் 134 ஆக இருந்தது, 2018-20இல் 54 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் இந்தியாவின் எண் 301இலிருந்து 97க்கு வந்தது.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் தேவையையும் மறக்கக் கூடாது. அதே 2018-20இல் கேரளத்தின் எண் 19. தெலங்கானா 43, ஆந்திரம் 45. முன்னால் ஓடிய நாம் அப்போது பக்கத்து வீட்டாரைப் பின்னால் நின்று பார்க்கும் நிலைக்கு வந்திருந்தோம். இதற்குப் பல காரணங்கள் உண்டு. தணிக்கையின் குணம் மாறியதும் அவற்றில் ஒன்று என்பது என் கணிப்பு. 'ஏன் இறந்தாள்?' என்ற கேள்வி பல இடங்களில் 'யார் மாட்டுவது?' என்று ஆகிவிட்டது. மெமோவும் கண்டனமும் வாங்கிய அரசு மருத்துவர்கள் இதை எதிர்த்துப் போராடியிருக்கிறார்கள். பயம் வந்த இடத்தில் தந்திரமும் வரும். 'நம்ம கணக்குல வேணாம், மேல அனுப்பிடு' என்ற வார்த்தையை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தவர்கள் கேட்டிருப்பார்கள். கணக்கைக் காப்பாற்ற ஒரு பெண்ணை முப்பது கிலோமீட்டர் அனுப்பினால் நான்காவதாக ஒரு தாமதம் பிறக்கிறது.

இந்தக் குறையைச் சேர்த்து நிறுத்தாலும் தணிக்கை தட்டைத் தாழ்த்துகிறது. கேள்வி சாவு வீட்டில் கேட்கப்பட்டது, விடை ஆட்சியர் மேசைவரை போனது, அங்கிருந்து ஆளாகவும் மருந்தாகவும் வண்டியாகவும் திரும்பி வந்தது.

தேடி வந்த மருத்துவம்

இரண்டாவது வழி கணக்கெடுப்பு. 2020இல் மாநிலம் முழுக்க 18 முதல் 69 வயதுவரையுள்ளவர்களிடம் நடத்திய 'ஸ்டெப்ஸ்' ஆய்வு ஒரு கசப்பான உண்மையைச் சொன்னது. மூன்று பேரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம். அப்படி உள்ளவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம். சர்க்கரை நோயாளிகளில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 10.8 சதவீதம். ஊருக்கு ஊர் ஆரம்ப சுகாதார நிலையம், இலவச மாத்திரை எல்லாம் இருந்தும் இதுதான் நிலை.

இந்த எண்ணின்மேல்தான் 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டது. பிரஷர், சுகர் மாத்திரைக்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாதவர் வீட்டுக்கே மாத்திரை போகிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுத்த பெண் தன்னார்வலர்கள் தோள்பையில் பிரஷர் கருவியோடு தெருவுக்கு வருகிறார்கள். பக்கவாதம் வந்து படுத்தவருக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கிறது. இப்படி ஒரு காட்சியை இதற்கு முன் எந்த அரசும் நம் தெருக்களில் காட்டியதில்லை. 2024இல் ஐ.நா. அமைப்புகளின் விருதும் கிடைத்தது.

ஹான்லன் கணக்குப்படி இந்த முதன்மைத் தேர்வில் பிழை காண முடியாது. நோயாளிகள் ஏராளம், விளைவு மாரடைப்பும் பக்கவாதமும், மாத்திரையோ மலிவு. 2023-24இல் மறுபடி எடுத்த ஆய்வில் ரத்த அழுத்தக் கட்டுப்பாடு 17 சதவீதமாகவும் சர்க்கரைக் கட்டுப்பாடு 16.7 சதவீதமாகவும் உயர்ந்திருந்தன. முதலாவது இரண்டு மடங்குக்கும் மேல். மூன்றாண்டில் இது சாதனைதான்.

ஆனாலும் இரண்டு குறைகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, எதை எண்ணிக் காட்டுகிறோம் என்பது. மேடைகளில் முழங்குவது 'இத்தனை லட்சம் பயனாளிகள்' என்ற எண். மாத்திரை வாங்கியவர் பயனாளி. ஆனால் பிரஷர் உள்ளவர்களில் அது கட்டுக்குள் வந்தவர் நூற்றில் பதினேழு பேர். எண்பத்து மூன்று பேருக்கு வரவில்லை. பயனாளி எண்ணை மாதந்தோறும் கேட்கும் அரசு, கட்டுப்பாட்டு எண்ணை நான்காண்டுக்கு ஒருமுறை கேட்கிறது. அந்தப் பதினேழும் மாநிலத்தின் சராசரி. உங்கள் வட்டாரத்தின் எண் ஐந்தா, முப்பதா? ஆய்வுக்கு எடுத்த மாதிரி அதைச் சொல்லாது. தன்னார்வலரின் கைப்பேசியில் வீடு வீடாகப் பதிந்த அளவுகள் இருக்கின்றன. அவற்றைக் கூட்டி அந்த ஊருக்கே வாசித்துக் காட்டும் நாள்தான் வரவில்லை.

இரண்டாவது குறை பட்டியல் ஒரே மாதிரி இருப்பது. கோயம்புத்தூர் ஓரத்து ஊருக்கும் கல்வராயன் மலையிலுள்ள ஊருக்கும் அதே வரிசை. மலையில் பாம்புக்கடி இருக்கிறது, சிறுவயதுத் திருமணமும் அதையொட்டிய கர்ப்பமும் இருக்கின்றன, சாலைவரை டோலியில் தூக்கிவரும் அவலம் இருக்கிறது. மாநிலத்துக்குச் சரியான முதலிடம் எல்லா வட்டாரத்துக்கும் சரியான முதலிடமாகிவிடாது.

கூட்டிக் கேட்டபோது

மக்களையே கேட்டுவிட்டால் என்ன? மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவத் தம்பதியர் அபய் பங், ராணி பங் இருவரும் 1980களில் அதைத்தான் செய்தார்கள். கர்ப்பத்தையும் கருத்தடையையும் தவிரப் பெண்ணுக்கு வேறு உடம்பே இல்லை என்பதுபோல் அரசுத் திட்டங்கள் இருந்த காலம் அது. இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பெண்ணோய் இருந்தது. 1989இல் 'லான்செட்' இதழில் வந்த அந்த ஆய்வு, யாரும் கேட்காததால் யாரும் சொல்லாத தேவை எவ்வளவு பெரியதாக இருக்கும் என்று காட்டியது.

நம்மிடமும் கேட்கும் ஏற்பாடுகள் உண்டு. கிராம சபை இருக்கிறது. தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு வந்த கிராம சுகாதாரக் குழு இருக்கிறது. அதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் தனி நிதியும் உண்டு. அண்மை ஆண்டுகளில் உலக வங்கிக் கடனோடு நடந்த சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்தின்கீழ் மாவட்ட சுகாதாரப் பேரவைகளும் மாநிலப் பேரவையும் கூட்டப்பட்டன. எண்ணம் நல்லது. ஆனால் பேரவையில் உட்கார்ந்து பார்த்தால் கேட்கப்படுபவை பெரும்பாலும் இவை: துணை சுகாதார நிலையத்துக்குப் புதுக் கட்டடம், ஸ்கேன் கருவி, கூடுதல் மருத்துவர், சுற்றுச்சுவர். தவறில்லை, தேவையானவைதான். ஆனால் இவை துறையின் பழைய கோரிக்கைப் பட்டியல். மக்கள் பிரதிநிதியின் வாயால் துறை தன்னிடமே கேட்டுக்கொள்கிறது.

துறையின் பட்டியலில் இல்லாததை மக்கள் கேட்டால் என்ன ஆகிறது? கடந்த பத்தாண்டுகளில் தமிழ்நாட்டுக் கிராம சபைகளில், குறிப்பாகப் பெண்கள், ஓங்கிய குரலில் கேட்டது எது என்று எந்த ஊராட்சித் தலைவரைக் கேட்டாலும் சொல்வார்: டாஸ்மாக் மதுக்கடையை எடுங்கள். கல்லீரல், விபத்து, அடி உதை, தற்கொலை என்று நான்கு வழியில் உடம்பைத் தொடும் தேவை அது. ஆனால் அந்தத் தீர்மானம் சுகாதாரத் துறைக்குப் போவதில்லை. மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறைக்குப் போகிறது. 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். ஹான்லனின் ஐந்து கேள்விகளில் 'செலவுக்குத் தாங்குமா' என்பது உண்டு. 'வருமானம் போனால் தாங்குமா' என்பதை நாம் சேர்த்திருக்கிறோம்.

துறை எல்லையில் விழுந்த சாவு

இனி உரைகல். மூன்று வழிகளும் சேர்ந்து, கண்ணெதிரே இருக்கும் ஒரு பெரும் தேவையைப் பிடித்தனவா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். லட்சம் பேருக்கு 25.9. இந்தியச் சராசரி 12.4. அதாவது இரண்டு மடங்கு.

இதை ஊர் அளவுக்குக் கொண்டுவருவோம். ஒரு லட்சம் பேர் வாழும் வட்டாரத்தில், மாநிலச் சராசரிப்படி, ஆண்டுக்கு 26 தற்கொலைகள். இரண்டு வாரத்துக்கு ஒன்று. அதே வட்டாரத்தில் பேறுகால மரணம் ஆண்டுக்கு ஒன்றுக்கும் குறைவு. அந்த ஒரு மரணத்துக்கு ஆட்சியர் கூட்டம், வீட்டு விசாரணை, மாநிலத் தலைமையகம்வரை அறிக்கை. அது அப்படித்தான் இருக்க வேண்டும், ஓர் இம்மியும் குறையக் கூடாது. மற்ற இருபத்தாறுக்கு என்ன? காவல் நிலையத்தில் சந்தேக மரணம் என்று வழக்கு, பிரேதப் பரிசோதனை, கல்யாணமாகி ஏழாண்டுக்குள் இறந்த பெண்ணென்றால் ஆர்.டி.ஓ. விசாரணை. குற்றம் நடந்ததா என்பதே கேள்வி. இல்லையென்றால் கோப்பு முடிந்தது. 'தீராத வயிற்றுவலி காரணமாக' என்ற வரியை நாளிதழில் எத்தனை ஆண்டுகளாகப் படிக்கிறோம்! அது உண்மையென்றால் வயிற்றுவலிக்கு ஏன் வைத்தியம் கிடைக்கவில்லை என்று சுகாதாரத் துறை கேட்டிருக்க வேண்டும். பொய்யென்றால் உண்மைக் காரணம் எது என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. அந்தச் சாவு சுகாதாரத் துறையின் கணக்கில் எழுதப்படவில்லை, காவல் துறையின் கணக்கில் எழுதப்பட்டது. 2022இல் நாடு முழுக்கக் காவல் துறை எழுதிய காரணங்களில் குடும்பப் பிரச்சினைக்கு அடுத்தபடியாக நின்றது 'நோய்' என்பதுதான் கொடுமை.

தீர்வு இல்லை என்று தள்ளிவிட முடியுமா? கடல் தாண்டிப் பார்த்தால் போதும். இலங்கையில் 1995இல் லட்சம் பேருக்கு 47 என்று உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்றாகத் தற்கொலை இருந்தது. அந்த ஆண்டில் மிகக் கொடிய வகைப் பூச்சிக்கொல்லிகள் தடைசெய்யப்பட்டன. 1998இல் எண்டோசல்ஃபானும் தடைசெய்யப்பட்டது. 2005க்குள் அளவு ஏறத்தாழப் பாதியாயிற்று. வறுமையும் போரும் கடனும் குடும்பச் சண்டையும் தீர்ந்துவிடவில்லை. ஒரு கணத்தின் ஆத்திரத்தில் கைக்கு எட்டியது உயிரைப் பறிக்கும் கொடுமை குறைந்தது, அவ்வளவுதான். அந்தக் கணத்தைத் தாண்டிய பலர் பிழைத்தார்கள். தடையைப் போட்ட அதிகாரம் பூச்சிக்கொல்லிப் பதிவாளரிடம் இருந்தது. அவர் வேளாண்மைத் திணைக்களத்தைச் சேர்ந்தவர். சுகாதாரத்தின் தேவையை இன்னொரு துறை தன் கணக்கில் எழுதிக்கொண்டதுதான் அங்கே நடந்தது.

தமிழ்நாடும் சும்மா இருக்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2022 முடிந்து 2023 தொடங்கும் தறுவாயில் ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு இங்கே 60 நாள் தடை வந்தது. மனநல உதவிக்கு 14416 என்ற எண் இரவு பகலாக இயங்குகிறது. ஆனால் மாநிலத்துக்குச் சட்டம் தந்தது குறுகிய காலத் தடை மட்டுமே, நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில். துறை எல்லையோடு ஆட்சி எல்லையும் சேர்ந்துகொள்கிறது. ஹான்லன் கணக்கில் போட்டால் எண்ணிக்கை, கொடுமை, தீர்வின் பலன் மூன்றிலும் தற்கொலைக்கு மேலிடம் கிடைக்கும். ஆனாலும் எந்த வட்டாரத்தின் சுகாதார முதன்மைப் பட்டியலிலும் அது முதலில் வருவதை நான் கண்டதில்லை.

மறுப்புகள்

எதிர்வாதங்கள் உண்டு, வலுவானவையும்கூட. முதன்மையை உள்ளூரிடம் விட்டால் உள்ளூரின் வலியவர் கையில் விடுவதாகும் என்பார்கள். உண்மை. ஊரில் நடக்கும் கிராம சபையில் காலனிக்காரர் ஓரமாக நிற்பதை நாம் பார்க்கிறோம். கைதூக்கிப் பட்டியல் போட்டால் தெருவிளக்கு மேலத்தெருவுக்கே போகும். ஆகவேதான் கைதூக்கலைவிட மரண விசாரணையை நான் நம்புகிறேன். இறந்தவருக்குச் சாதிச் செல்வாக்கு தேவையில்லை. யார் வீட்டில் சாவு அதிகம் விழுகிறதோ அந்த வீட்டுக்கு விசாரணை தானாகப் போகும்.

ஊர் மட்டத்தில் எண்கள் மிகச் சிறியவை, ஓராண்டு ஒரு சாவு, மறு ஆண்டு இல்லை, அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது இன்னொரு வாதம். அதுவும் சரி. ஐயாயிரம் பேருக்கான துணை சுகாதார நிலையம் இதற்குப் போதாது. வட்டாரம் போதும். வட்டார மருத்துவ அலுவலரும், வட்டார வளர்ச்சி அலுவலரும், வேளாண்மை உதவி இயக்குநரும் உட்காரும் மட்டம் அதுவே.

பெரியம்மை ஒழிப்பும் போலியோ ஒழிப்பும் மேலிருந்து வந்துதானே வென்றன என்று கேட்பார்கள். வென்றன. ஒரே கிருமி, ஒரே மருந்து, எல்லோருக்கும் ஒரே பயம் என்றால் மேலிருந்து வருவதே விரைவு. காரணம் ஊருக்கு ஊர் வேறுபடும் நோய்களுக்கு அந்த வழி பாதிதான் போகும்.

செவிலியரின் தோளில் இன்னொரு பதிவேடா என்ற கேள்விதான் என்னைச் சங்கடப்படுத்துகிறது. அதற்கு விடை, எதையாவது இறக்குவது. மாதந்தோறும் அனுப்பியும் யாரும் படிக்காத அறிக்கைகள் எவை என்று அவரிடமே கேட்டால் விரல்விட்டுச் சொல்வார்.

தீர்ப்பு

பேறுகால மரணத் தணிக்கையே நம்மிடமுள்ள சிறந்த கருவி. தண்டனை பயத்தைக் களைந்தால் அது இன்னும் கூர்மையாகும். மக்களைத் தேடி மருத்துவம் சரியான முதன்மை, தவறான எண்ணால் தன்னை அளந்துகொள்கிறது. பேரவைகளும் சபைகளும் சரியான இடத்தில் போட்ட நாற்காலிகள், உட்காருபவர் கையில் எண்ணும் இல்லை, அதிகாரமும் இல்லை. மொத்தத்தில் தமிழ்நாட்டுக்கு எண்ணத் தெரியும். எண்ணியதை ஊருக்குத் திருப்பிச் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு துறை எண்ணியதைத் தன் கணக்கில் ஏற்கவும் தெரியவில்லை. தற்கொலையில் நாம் தோற்பது அறியாமையால் அல்ல. அந்தச் சாவுக்குப் பொறுப்பேற்கும் பதிவேடு இல்லாததால்.

வழி நம் சட்டத்திலேயே இருக்கிறது. 2024 நவம்பரில், 1939ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தின்கீழ், பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது தமிழ்நாடு அரசு. கடிபட்டு வருபவரைப் பற்றி அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஓர் ஆணையால் வயல்வெளி விபத்து சுகாதாரத் துறையின் கணக்குக்கு வந்துவிட்டது. நஞ்சருந்தி வருபவர்களையும், பெயர் வெளியே வராமல், அதேபோல் தெரிவிக்கச் செய்யலாம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டிக்கக் கூடாது என்கிறது. ஆகவே சட்டத் தடையும் இல்லை. காவல் நிலையக் கோப்பு முடிந்தபின் அதன் நகல் வட்டார மருத்துவ அலுவலருக்குப் போகட்டும். ஆண்டுக்கு நான்கு முறை வேளாண்மை, காவல், சுகாதாரம் மூவரும் உட்கார்ந்து, யார் மாட்டுவது என்று கேட்காமல், எங்கே தடுத்திருக்கலாம் என்று மட்டும் கேட்கட்டும்.

அடுத்த கிராம சபை ஆகஸ்ட் 15. உங்கள் ஊரிலும் ஓர் அம்மா எழுந்து நின்று கேட்பார். செயலர் எழுதி முடித்ததும் தீர்மானப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். அவர் சொன்னது 'இதர பொருள்' என்பதன் கீழே இருந்தால், அடித்துவிட்டுப் 'பொது சுகாதாரம்' என்பதன் கீழே எழுதச் சொல்லுங்கள்.